கெயினைக் குறைத்தால் கனம் கூடும்: வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரு சர்ச் பேண்டுகளின் கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. மெட்டல் வாசித்தவர்கள் ஹார்டு ராக் பக்கம் திரும்பும்போது வருகிற சிக்கல்கள்தான் பெரும்பாலும். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே. கிட்டார், டிரம்ஸ், ஒலியமைப்பு, பாட்டு என்று அந்தந்தத் துறைக்காரர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், தமிழில் கிறிஸ்தவ மெட்டல் வாசிக்கிறோம். டிராப் சி ட்யூனிங் (வழக்கத்தைவிடக் கீழே இறக்கிய சுருதி), 180 பிபிஎம் (நிமிடத்துக்கு 180 அடி), டபுள் பெடல் (கிக் டிரம்மை இரு கால்களாலும் அடிக்க). இனி ஹார்டு ராக் என்று முடிவு செய்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். மெதுவாக வாசித்த மெட்டல் மாதிரிதான் கேட்கிறது. எங்கே தொடங்குவது? – ஒரு பேண்டு, லிங்கராஜபுரம்

பதில்: வேகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கை வைக்க வேண்டியது ஆம்பின் கெயின் குமிழில், அதாவது ஒலி எவ்வளவு கரகரக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் குமிழில். கெயின் ஏற ஏற, மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் வெளியே வருவது ஒரே அளவு ஒலிதான். மெட்டலுக்கு அது வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒரே சீராக விழ வேண்டுமே. ஹார்டு ராக்கில் பாட்டின் உயிரே அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு கெயினை அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

கெயின் 8-ல் இருந்தால் 4-க்கு இறக்குங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழை 10-ல் வைத்து ஒரு ஈ மேஜர் கார்டு அடியுங்கள். பிறகு குமிழை 6-க்குக் குறைத்து அதே கார்டு. 10-ல் உறும வேண்டும். 6-ல் ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். 6-லும் உறுமினால் கெயின் இன்னும் அதிகம்.

அடுத்தது மிட், அதாவது நடுச்சுரங்களின் அளவு. பாஸ் 8, மிட் 2, டிரெபிள் 8 என்பது மெட்டல் கிட்டார்காரர்களின் பழக்கம். அறையில் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும். பேண்டோடு சேர்ந்தால் கிட்டார் காணாமல் போய்விடும். கீழே உள்ள இடத்தை பாஸ் கிட்டாரும் கிக்கும் எடுத்துக்கொள்கின்றன, மேலே உள்ளதை சிம்பல். கிட்டாருக்குச் சொந்தமான இடம் ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸிலிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வரை. பாஸ் 4, மிட் 7, டிரெபிள் 5 என்று தொடங்கி, எல்லோரும் வாசிக்கும்போது மட்டும் திருத்துங்கள். முதல் சில பயிற்சிகளில் ஒலி மெலிந்துவிட்டது போலத் தோன்றும். யாராவது ஒருவர் சத்தமில்லாமல் கெயினை மறுபடி ஏற்றுவார். விடாதீர்கள்.

டியூப் ஸ்க்ரீமர் வகை பெடல் (கரகரப்பைக் கூட்டுவது) இருந்தால், மெட்டலில் டிரைவ் 0, லெவல் முழுக்க வைத்திருப்பீர்கள். ஆம்புக்குள் போகும் பாஸை அறுத்து இறுக்கமாக்கத்தான் அது. இனி ஆம்பை லேசாகக் கரகரக்கும் எல்லையில் நிறுத்தி, பெடலில் டிரைவ் 3 வையுங்கள், கோரஸுக்கு மட்டும் மிதியுங்கள். ஒலி தாழ்ந்ததும் முழுக்க மூடிவிடும் நாய்ஸ் கேட்டை அணைத்துவிடுங்கள். அது கார்டின் வாலை வெட்டிவிடும். கார்டு முழுதாக ஒலித்துவிட்டு, இடது கை தூக்கியதும் சட்டென்று நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் ஹார்டு ராக்கின் அடி இருக்கிறது.

இரண்டு கிட்டாரும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) ஒரே ஒலியில் வாசிப்பது மெட்டலுக்குச் சரி. இங்கே ஒருவர் கீழ்க் கம்பிகளில் பவர் கார்டு வாசித்தால், மற்றவர் அதே கார்டை மேல் நான்கு கம்பிகளில் பிடிக்கட்டும், அல்லது சும்மா இருக்கட்டும். சும்மா இருப்பதும் ஒரு வாசிப்புதான் என்பதை இரண்டாவது கிட்டார்காரருக்குப் புரியவைப்பது உங்கள் பாடு.

இனி ட்யூனிங். டிராப் சி-யில் பாஸ் கிட்டாரின் கீழ்க் கம்பி 32.7 ஹெர்ட்ஸ். சபை மண்டபங்களில் பெரும்பாலும் இருக்கிற 12 அங்குல, 15 அங்குல ஸ்பீக்கர்கள் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகக் கைவிட்டுவிடும். நீங்கள் கேட்பது அந்தச் சுரத்தின் மேல் அடுக்குகளை மட்டும்தான். ஈ ஃப்ளாட்டுக்கு ஏற்றினால் அடிச்சுரம் 38.9 ஹெர்ட்ஸ், கிட்டாரில் 77.8 ஹெர்ட்ஸ். ட்யூனிங்கை ஏற்றினால் கனம் குறையும் என்று பயப்படுகிறார்கள். சிறிய ஸ்பீக்கரில் நடப்பது நேர்மாறு.

டிரம்மருக்கு: கிக் பெடலில் பிளாஸ்டிக் பீட்டருக்குப் (அடிக்கும் தலைக்குப்) பதில் ஃபெல்ட் பீட்டர் மாட்டுங்கள். கிக்குக்குள் திணித்த தலையணையில் பாதியை எடுங்கள். மெட்டலில் கிக்கின் ‘டிக்’ ஒலிக்காக மிக்ஸரில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றியிருப்பார்கள். அதைச் சமமாக்கி 60–80 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வேகம் 96 முதல் 120. பயிற்சிக்கு, 110 பிபிஎம் பாட்டென்றால் மெட்ரோனோமை 55-ல் வைத்து, அந்த ‘டிக்’கை 2-வது, 4-வது அடிகளாக எண்ணி வாசியுங்கள். 180-ல் பதினாறாம் சுரம் (ஓர் அடிக்கு நான்கு தட்டு) அடிக்கிற கால்களுக்கு இது சுலபம் என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் பாதிப் பாட்டில் ‘டிக்’ 1-க்கும் 3-க்கும் நழுவியிருக்கும். நழுவாமல் நான்கு நிமிடம் நின்றால் டிரம்மர் தயார்.

கேள்வி: பழைய 11–54 கம்பியிலேயே (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) டிராப் சி-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்கு ஏற்றினேன். கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்துவிட்டது, 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே சுருதி சேரவில்லை, பெண்டு பண்ணினால் விரல் கிழிகிறது. – ஜே., காக்ஸ் டவுன்

பதில்: கிழியாமல் என்ன செய்யும்? இழுவிசை அதிர்வெண்ணின் இருமடியில் ஏறும். டிராப் சி-யிலிருந்து ஈ ஃப்ளாட்டுக்குப் போகும்போது ஆறாவது கம்பி மூன்று அரைச்சுரம் ஏறுகிறது. அதில் மட்டும் இழுவிசை 41 சதவீதம் கூடுதல். மற்ற ஐந்தும் ஓர் அரைச்சுரம். ஒவ்வொன்றிலும் 12 சதவீதம். இத்தனையும் சேர்ந்து கழுத்தை முன்னால் வளைத்துவிட்டன.

10–46 செட் மாட்டுங்கள். ஈ ஃப்ளாட்டில் அதன் இழுவிசை உங்கள் பழைய அமைப்புக்கு மிக அருகில் வந்துவிடும். பிறகு வரிசை மாறாமல்: முதலில் கழுத்து, அடுத்து கம்பியின் உயரம், கடைசியில் இன்டொனேஷன் (கழுத்து முழுக்கச் சுருதி சேரச் செய்வது). வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றும் முந்தையதைக் கெடுக்கும்.

கழுத்துக்கு: முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, ஆறாவது கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, கடிகாரச் சுற்றில் கால் சுற்று. ட்யூன் செய்து மறுபடி அளவு பாருங்கள். சாவி திரும்ப மறுத்தால் பலவந்தம் வேண்டாம், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். திருகு வழுக்கினால் செலவு கழுத்து மாற்றும் அளவுக்குப் போகும்.

இன்டொனேஷனுக்கு: 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சாடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை, கழுத்திலிருந்து விலக்குங்கள். இறங்கி நின்றால் கழுத்துப் பக்கம் தள்ளுங்கள்.

54-க்காக அறுத்த நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளத்தில் 46 ஆடும். திறந்த கம்பியில் மட்டும் ‘ஸ்ர்ர்’ என்று வந்தால் அதுதான் காரணம். பள்ளத்தில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல்லாக இறுகும். அதைப் புதிய அளவுக்கு அறுத்துக்கொள்ளலாம். கொஞ்ச காலத்துக்கு இது தாங்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் புது நட்தான்.

கேள்வி: 1990-ல் ஸ்ட்ரைப்பர் செய்ததைத்தானே எல்லோரும் இப்போது செய்கிறீர்கள்? அது சறுக்கல் இல்லையா? – ஒரு பழைய ரசிகர், அல்சூர்

பதில்: ஸ்ட்ரைப்பர் ஒரு கிறிஸ்தவ மெட்டல் பேண்டு, கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டிக்காரர்கள். மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் சகோதரர்கள், ஆஸ் ஃபாக்ஸ், டிம் கெயின்ஸ். மஞ்சள்–கறுப்புப் பட்டை உடை, ஏசாயா 53:5-ன் தழும்புகளைச் சொல்லும் பெயர், கூட்டத்துக்குள் வீசிய புதிய ஏற்பாடுகள் என்று 1980-களில் அடையாளம் பலமாக இருந்தது. 1986-ன் ‘டு ஹெல் வித் த டெவில்’ பிளாட்டினம் தொட்டது. 1988-ன் ‘இன் காட் வீ டிரஸ்ட்’ பாப் பக்கம் சாய்ந்தது என்று ரசிகர்களே முணுமுணுத்தார்கள். அதற்குப் பதில்தான் 1990-ன் ‘அகெயின்ஸ்ட் த லா’. தயாரிப்பாளர் டாம் வெர்மன். கிட்டார் முன்னால் வந்தது, கீபோர்டு பளபளப்பு போனது. கூடவே பட்டை உடையும், வெளிப்படையான சுவிசேஷ வரிகளும் போயின. 1975-ல் எர்த் விண்ட் அண்ட் ஃபயர் பாடிய ‘ஷைனிங் ஸ்டார்’கூட அதில் இருக்கிறது.

ஒலியை மட்டும் வைத்துச் சொன்னால் அந்தக் காலகட்டத்தில் அவர்கள் பதிவு செய்ததில் சிறந்த கிட்டார் அதில்தான் கேட்கிறது. சறுக்கல் வேறு இடத்தில்: ஒலி, உடை, வரிகள் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். சர்ச் பக்கத்துக்காரர்கள் விலகினார்கள், வெளியில் இருந்தவர்கள் வந்து சேரவில்லை. 1992-ல் மைக்கேல் ஸ்வீட் வெளியேறினார். 2003-ல் மறுபடி கூடியபோது மஞ்சள்–கறுப்பும் கூடவே வந்தது. 2013-ன் ‘நோ மோர் ஹெல் டு பே’ ‘அகெயின்ஸ்ட் த லா’வைவிடக் கடினமான ஆல்பம், வரிகளில் விசுவாசமும் வெளிப்படை.

உங்கள் பார்வைக்கு இன்னொரு பெயர்: பிரைடு. கென்டக்கி மாநிலம் லூயிவில்லின் டேல், டிராய் தாம்ப்ஸன் சகோதரர்கள். 1986-ன் ‘ஷோ நோ மெர்ஸி’, 1988-ன் ‘லிவ் டு டை’ இரண்டும் கீச்சுக்குரல் ஹெவி மெட்டல். 1991-ன் ‘கைனெடிக் ஃபெய்த்’தில் ப்ளூஸ் கலந்த ஹார்டு ராக். அவர்கள் மாற்றியது ஒலியையும் பாடும் முறையையும். வரிகளில் கை வைக்கவில்லை. டேல் தாம்ப்ஸன் உச்சஸ்தாயியைக் கைவிட்டுத் தொண்டையின் நடுப்பகுதிக்கு இறங்கினார். அடுத்த ஆண்டு ‘ஸ்னேக்ஸ் இன் த பிளேகிரவுண்ட்’, பிறகு கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகள். மாறப் போகிற பேண்டு பாடம் படிக்க வேண்டியது இவர்களிடம்.

கேள்வி: பயிற்சி அறையில் துல்லியமாகக் கேட்கும் பாட்டு, எங்கள் சபை மண்டபத்தில் வாசித்தால் குழைந்துபோகிறது. ஹார்டு ராக்குக்கு மாறினால் தீருமா? புது ஸ்பீக்கர் வாங்க நிதி திரட்டலாம் என்கிறார்கள். – டி., கம்மனஹள்ளி

பதில்: ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். மண்டபம் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 1,200 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்த பரப்பு 760 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியில் சுமார் 5 சதவீதத்தைத்தான் உறிஞ்சும், ஆக மொத்த உறிஞ்சல் 38 சதுர மீட்டருக்குச் சமம். ஒலி 60 டெசிபெல் அடங்க எடுக்கும் நேரத்துக்கு சபைன் தந்த சூத்திரம்: 0.161-ஐக் கொள்ளளவால் பெருக்கி உறிஞ்சலால் வகுக்க வேண்டும். வருவது 5.1 நொடி. இது காலி மண்டபம். 150 பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு 0.45 என்று உறிஞ்சல் கூடி, நேரம் 1.8 நொடிக்கு இறங்கும். சனிக்கிழமை காலி மண்டபத்தில் சவுண்ட் செக் செய்து, ஞாயிறு அதே செட்டிங்கில் வாசிப்பவர்களுக்கு ஏன் எல்லாம் மாறிப்போகிறது என்பதற்கும் இதுதான் விடை.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். 180 பிபிஎம்மில் டபுள் பெடல் பதினாறாம் சுரம் அடித்தால் நொடிக்கு 12 அடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 83 மில்லி நொடி. ஆள் நிறைந்த மண்டபத்தில்கூட அந்த இடைவெளியில் முந்தைய அடி 3 டெசிபெல்தான் அடங்கியிருக்கும். அதாவது அடங்கவே இல்லை. அடுத்த அடி அதன் மேலேயே விழுகிறது. 110 பிபிஎம்மில் எட்டாம் சுரம் வாசித்தால் இடைவெளி 273 மில்லி நொடி, அடங்குவது 9 டெசிபெல். அங்கே ஒவ்வொரு அடியும் தனியாகத் தெரியும். ஆகவே தீருமா என்று கேட்டதற்குப் பதில்: பெரும்பாலும் தீரும், நிதி திரட்டாமலே. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் அரண்மனை மைதானத்தில் வாசித்ததை நினைத்துக்கொண்டு மண்டபத்தில் அதே மாதிரி எதிர்பார்க்காதீர்கள். அது திறந்தவெளி, ஒலி போனது போனதுதான், திருப்பி அடிக்கக் கூரை இல்லை.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பின்சுவருக்குக் கனமான திரை. மடிப்பு விட்டுத் தொங்கும் 40 சதுர மீட்டர் தடித் துணி, உறிஞ்சலில் ஏறத்தாழ 20 கூட்டி, நேரத்தை 1.5 நொடிக்குக் கொண்டுவரும். சுவரோடு ஒட்டாமல் 10 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள், கீழ்ச்சுரங்களுக்கும் கொஞ்சம் உதவும். ஸ்பீக்கரைச் சுவர் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். மிக்ஸரில் கிட்டார் சேனலுக்கு 100 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழுள்ளதை வெட்டுவது), குரலில் ரிவர்ப் (செயற்கை எதிரொலி) சுத்தமாக வேண்டாம். மண்டபமே போதுமான ரிவர்ப்பைச் சும்மா தருகிறது.

கேள்வி: மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெடலை நேராக மிக்ஸரில் செருகினால் ஒலி வண்டு குடைவது போல இருக்கிறது. – ஆர்., ஹெப்பால்

பதில்: கேபினெட் சிமுலேஷன், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் வழியே வருவது போல ஒலிக்கச் செய்யும் வசதி, அணைந்திருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இயல்பாகவே வெட்டிவிடும், மிக்ஸரும் பி.ஏ. (மண்டப) ஸ்பீக்கரும் வெட்டாது. மெனுவில் கேப் அல்லது ஐ.ஆர். என்று இருப்பதை இயக்குங்கள். அதே பெடலை நிஜ கிட்டார் ஆம்பில் செருகும் நாளில் மறக்காமல் அணையுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை வெட்டி, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது மாதிரி வரும்.

கேள்வி: நான் எழுதும் தமிழ் வரிகள் மெட்டலில் யாருக்கும் புரிந்ததில்லை, பிரச்சினையும் வந்ததில்லை. ஹார்டு ராக்கில் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. சபையில் சிரிக்கிறார்கள். – பாடலாசிரியர், ஃப்ரேசர் டவுன்

பதில்: நீங்கள் அனுப்பிய பாட்டில் ‘விடுதலை’ என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு அடி நீட்டியிருக்கிறீர்கள். கேட்பவர் காதில் விழுவது ‘வீடுதலை’. அடுத்த வரியில் ‘நீரே என் வழி’, அங்கேயும் ‘வ’வில் நீட்டல், ‘வாழி’ ஆகிவிட்டது. குறிலை நீட்டினால் தமிழில் சொல்லே மாறும் அல்லது உடையும்.

1-வது, 3-வது அடிகளில் நெடிலோ, மெய்யில் முடியும் அசையோ விழட்டும். குறில்கள் இடைப்பட்ட சிறு சுரங்களில் ஓடட்டும். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சொல்லின் கடைசி உயிரில் நீட்டுங்கள். ‘விடுதலை’யில் ‘லை’யை எவ்வளவு இழுத்தாலும் பொருள் கெடாது. கோரஸ் முடிவுக்கு ‘வருவேன்’, ‘தந்தார்’, ‘நீரே’ மாதிரி நெடில் உள்ள சொற்களைச் சேமித்து வையுங்கள். ரிஃப் சட்டென்று நிற்கிற இடங்களுக்கு ‘கட்டு’, ‘உடைத்து’, ‘வெற்றி’ போன்ற வல்லின இரட்டிப்பு அருமையாகப் பொருந்தும். கிட்டாரும் நாக்கும் ஒரே கணத்தில் நிற்கும். பழைய மொழிபெயர்ப்பு வேதாகம நடையில் நான்கு அசைச் சொற்களாக அடுக்காதீர்கள். 110 பிபிஎம்மில் ஒரு பாருக்கு (நான்கு அடிக்கு) எட்டு அசை போதும், அதற்கு மேல் போனால் பாடகர் மூச்சு வாங்குவார்.

மிக்ஸ் செய்பவரிடமும் ஒரு சொல்: குரல் வரும்போது இரு கிட்டார்களிலும் 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் இறக்கினால் மெய்யெழுத்துகள் வெளியே வரும்.

கேள்வி: தஞ்சாவூர் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை ராக்கில் வாசிக்க ஆசை. கார்டு போட்டால் ராகம் கெடுகிறதே? – எஸ்., சிவாஜிநகர்

பதில்: மேஜர், மைனர் கார்டு போடுவதால் கெடுகிறது. பவர் கார்டில் ஆதாரச் சுரமும் பஞ்சமமும் மட்டும்தான், மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் காந்தாரமே இல்லை. ராகத்தின் காந்தாரத்தைக் குரலுக்கும் லீட் கிட்டாருக்கும் விட்டுவிடுங்கள். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமானால் பாஸ் ஷட்ஜத்தில் நிற்கட்டும், தம்புராவைப் போல.

உங்கள் கிட்டார்காரரின் கை ஏற்கெனவே பழகிய ஸ்கேல்களே ராகங்களாக நம்மிடம் உள்ளன. மெட்டலில் புரண்ட ஃபிரிஜியன் நம் ஹனுமத்தோடி, நேச்சுரல் மைனர் நடபைரவி. ஹார்டு ராக்கின் அன்றாடச் சோறான மைனர் பென்டடானிக் அப்படியே சுத்த தன்யாசி: ச க ம ப நி. மேஜர் பென்டடானிக் மோகனம். மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, ஈ, டி, ஏ என்று மூன்று கார்டு அடிக்கும் ராக் ரிஃப்கள் எத்தனையோ அதற்குள் அடக்கம். ஆக சுத்த தன்யாசி, மோகனம், ஹரிகாம்போதி மெட்டில் பாடப்படும் கீர்த்தனைகளில் தொடங்குங்கள். தோடி மெட்டுப் பாடல்களை விட்டுவிடுவது நல்லது. கமகத்தைக் கிட்டார் பெண்டில் கொண்டுவர முயன்று தோற்றவர்கள் அதிகம்.

தாளம்: ஆதி, ரூபகம் ராக்குக்குச் சிரமமில்லை. மிஸ்ர சாபு தாளக் கீர்த்தனையை நான்கில் அடைக்க வேண்டாம். 7-ஐ 3+4 என்று பிரித்து ஸ்னேரை 4-வது அடியில் வையுங்கள், அதுவே ரிஃபாகிவிடும்.

உரிமைச் சிக்கல் இல்லை: சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை முடிகிறது. ஸ்ட்ரைப்பர் பாட்டுக்குத் தமிழ் வரி போடலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். 1957 சட்டப்படி மொழிபெயர்ப்பும் தழுவலும் உரிமையாளருடையவை. டிக்கெட் இல்லாமலோ சபையின் நிதிக்காகவோ அமெச்சூர் குழு இசைப்படைப்பை மேடையில் வாசிக்கச் சட்டம் விலக்கு தருகிறது. வரிகளை மாற்றி எழுதவும் இணையத்தில் ஏற்றவும் அந்த விலக்கு போதாது. அனுமதி கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பாடகர் முன்பு கீச்சிப் பாடுவார். இப்போது கரகரப்பாகப் பாட முயன்று இரண்டு பாட்டில் தொண்டை கட்டிவிடுகிறது. – லிங்கராஜபுரம்

பதில்: ட்யூனிங் ஏறிவிட்டதால் பாட்டின் சுருதியும் கூடவே ஏறியிருக்கும், பார்த்தீர்களா? கோரஸின் உச்சச் சுரம், அவர் சிரமமில்லாமல் தொடும் எல்லைக்கு இரண்டு அரைச்சுரம் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ட்யூனிங்கைத் தொடாமல் பாட்டின் கீயை இறக்குங்கள். கரகரப்பை எல்லா வரிக்கும் பூசாமல், வரியின் முதல் சொல்லுக்கு மட்டும் வைத்தால் போதும். மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடிக்கிற மெட்டல் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். பொத்தினால் மைக் நாலாப்பக்கமும் கேட்கத் தொடங்கி மானிட்டர் ஊளையிடும், மானிட்டரைக் குறைப்பார்கள், தன் குரல் கேட்காமல் அவர் இன்னும் கத்துவார். தொண்டை கட்டு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: மகன் வீட்டிலேயே டிரம்ஸ் வாசிக்கிறான். இனி ‘சாஃப்ட்’ பாட்டுதான் என்கிறான், கீழ்வீட்டுக்காரர் நம்பவில்லை. முட்டை அட்டை ஒட்டலாமா? – ஒரு தாயார், ஃப்ரேசர் டவுன்

பதில்: அம்மா, கீழ்வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹார்டு ராக் வேகத்தில்தான் குறைவு. ஸ்னேரில் விழும் அடி மெட்டலைவிட ஓங்கியே விழும். முட்டை அட்டை அறைக்குள் கேட்கும் கீச்சொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், வெளியே போவதைத் தடுக்காது, தீப்பிடிக்கவும் ஏதுவானது. ஒட்டாதீர்கள்.

கீழ்வீட்டைத் தொந்தரவு செய்வது காற்றில் வரும் ஒலியைவிடத் தரை வழியே இறங்கும் கிக் அதிர்வுதான். 18 மி.மீ. ப்ளைவுட் பலகை இரண்டு வாங்கி, நடுவே 30 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாக டென்னிஸ் பந்துகளை வைத்து மேடை செய்யச் சொல்லுங்கள். கீழ்ப்பலகையில் பந்தின் விட்டத்தைவிடச் சிறிய வட்டத் துளை போட்டால் பந்து நகராது. பலகை எந்தச் சுவரையும் தொடக்கூடாது; ஓர் ஓரம் தொட்டாலும் அவ்வளவு வேலையும் வீண். டிரம்முக்கு மெஷ் தோல், துளையிட்ட குறைந்த ஒலி சிம்பல்கள் கிடைக்கின்றன, அவற்றையும் மாட்டினால் வீட்டில் டி.வி. பார்க்கலாம்.

குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்த அளவு பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. சாதாரண டிரம்ஸ் செட் அறைக்குள் 100-ஐத் தாண்டும். மகனிடம் அந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: கெயினைக் குறைத்த பிறகுதான் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் தெளிவாகக் கேட்கிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடுகிறது. அப்படியே விடலாமா? – ஒலிப்பதிவு உதவியாளர், காக்ஸ் டவுன்

பதில்: கூடவே கூடாது. கம்பியைப் பிடித்த கையோடு மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே பின்னைத் திரும்ப மாட்டுங்கள்.

முதலில் எந்த இரைச்சல் என்று பாருங்கள். கிட்டாரோடு நீங்கள் வேறு பக்கம் திரும்பும்போது கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் பிடிக்கும் இரைச்சல். டியூப் லைட், டிம்மர் பக்கத்திலிருந்து விலகுங்கள். திரும்பினாலும் மாறாமல் ஒரே சீராக வந்தால் எர்த் லூப்: மேடை ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் இருக்கின்றன. ஒரே பிளக்கிலிருந்து தடித்த கேபிளில் எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து இரண்டுக்கும் கொடுங்கள். தீரவில்லையென்றால் நடுவில் டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு அந்த பிளக்குகளில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தம் அளக்கச் சொல்லுங்கள்; இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கட்டடத்தின் வயரிங்கையே பார்க்க வேண்டும், அதுவரை அங்கே கிட்டார் செருகாதீர்கள்.